ஓராண்டு ‘நர்சிங்’ படித்தால் நர்ஸ் ஆகிவிடலாமா?

வாசகர் கடிதம் (சுருக்கம்)

தமிழ்நாட்டின் ஒரு சிறு நகரத்திலிருந்து 33 வயது வாசகி எழுதியிருக்கிறார். பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு. திருமணமாகி இரண்டு பிள்ளைகள். பக்கவாதத்தில் இடது பக்கம் செயலிழந்த மாமியாரை இரண்டு வருடமாக இவர்தான் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்கிறார். ‘எனக்கு இந்த வேலை கைவந்துவிட்டது, சான்றிதழ்தான் பாக்கி’ என்று நினைத்து, ஒரு தனியார் பயிற்சி நிலையத்தின் ‘ஓராண்டு டிப்ளமோ இன் நர்சிங்’ படிப்புக்கு 25,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டார். மொத்தக் கட்டணம் 70,000. பிளஸ் டூ அசல் மதிப்பெண் சான்றிதழையும் அவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ‘அரசு அங்கீகாரம் உண்டு, முடித்ததும் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யலாம், வளைகுடாவில் வேலையும் வாங்கித் தருவோம்’ என்கிறார்கள். வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. இதற்கிடையே பக்கத்து நர்சிங் ஹோம் ஒன்று, ‘ஆறு மாதம் சம்பளமில்லாமல் வாருங்கள், நாங்களே கற்றுத்தருகிறோம்’ என்கிறது. கணவரோ ஆறு மாத லேப் டெக்னீஷியன் படிப்பில் சேரச் சொல்கிறார். எதில் சேருவது, கட்டிய பணம் திரும்ப வருமா என்பவை கேள்விகள். ‘மாமியார் இப்போதெல்லாம் தூக்கும்போது தோள் வலிக்கிறது என்கிறார்’ என்று போகிறபோக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார்.

ஆலோசகர் பதில்

அன்புச் சகோதரிக்கு,

முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சேர இருக்கும் படிப்பை முடித்தால் நர்ஸ் ஆக முடியாது. கவுன்சிலிலும் பதிவு செய்ய முடியாது. இந்தியாவில் செவிலியர் கல்விக்கு வரையறை வகுப்பது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில். அதன் கணக்கில் அடிப்படைப் படிப்புகள் மூன்றுதான்: இரண்டாண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர், தாதியர் பயிற்சி), மூன்றாண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியர், தாதியர் டிப்ளமோ), நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங். இவற்றில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ கல்லூரியிலோ முடித்தவரின் பெயர்தான் தமிழ்நாடு செவிலியர், தாதியர் கவுன்சிலின் பதிவேட்டில் ஏறும். ‘ஓராண்டு நர்சிங் டிப்ளமோ’ என்று ஒரு வகையே அந்தப் பதிவேட்டில் கிடையாது.

அப்படியானால் அவர்கள் காட்டிய ‘அரசு அங்கீகாரம்’ என்ன? சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் காகிதங்களை அடுத்த முறை போகும்போது நின்று படித்துப் பாருங்கள். அநேகமாக ஒன்று அறக்கட்டளைப் பதிவு, இன்னொன்று ஐ.எஸ்.ஓ. 9001, மூன்றாவது குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு. மூன்றும் உண்மையான காகிதங்களாகவே இருக்கலாம். ஆனால் அறக்கட்டளைப் பதிவு, அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. ஐ.எஸ்.ஓ. 9001 அலுவலகம் நடக்கும் முறையைப் பற்றியது. உத்யம் பதிவு உரிமையாளர் தாமே இணையத்தில் நிரப்பிப் பெறுவது. படிப்பைப் பற்றி இவற்றில் எதுவும் ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. பொய்க் காகிதம் காட்டுபவரைவிட, வேறு எதற்கோ வாங்கிய நிஜக் காகிதத்தைக் காட்டுபவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

இதற்காக மனம் தளர வேண்டாம். நர்ஸ் ஆகாமலே மருத்துவமனையில் மரியாதையான வேலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு முறையான பயிற்சியும் இருக்கிறது. நர்ஸ் படிப்பையும் உதவியாளர் பயிற்சியையும் ஒன்றாகக் குழப்பி விற்கிறார்களே, அங்கேதான் சிக்கல்.

உதவியாளர் வேலையும் அதன் சான்றிதழும்

நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, புரட்டுவது, ஊட்டுவது, பெட்பேன் வைப்பது, வீல்சேரிலும் ஸ்ட்ரெச்சரிலும் கொண்டுபோவது, காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்த்து நர்ஸிடம் சொல்வது. இந்த வேலைக்கு ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், சுருக்கமாக ஜி.டி.ஏ. என்று பெயர். வீட்டுக்கே போய்ப் பார்ப்பவர் ஹோம் ஹெல்த் எய்ட். இவற்றுக்கான பாடத்திட்டத்தை வகுத்திருப்பது ஹெல்த்கேர் செக்டார் ஸ்கில் கவுன்சில். அதற்கு மேலே ஒழுங்குமுறை அமைப்பாக இருப்பது என்.சி.வி.இ.டி. எனப்படும் தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் கவுன்சில். பயிற்சி ஓராண்டெல்லாம் இழுக்காது; மாதக் கணக்குதான். பிரதமர் கௌஷல் விகாஸ் திட்டத்திலும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் மூலமாகவும் கட்டணமில்லாமல் நடக்கும் வகுப்புகள் உண்டு. 70,000 ரூபாயைக் கையில் எடுப்பதற்கு முன், உங்கள் மாவட்டத் திறன் மேம்பாட்டு அலுவலகத்தில் இதைக் கேட்டுவிடுங்கள்.

சான்றிதழில் பார்க்க வேண்டியது படிப்பின் பெயரை அல்ல. தேர்வு வைத்தது யார் என்பதை. சொல்லிக்கொடுத்தவரே கேள்வி கேட்டு, அவரே மதிப்பெண் போட்டு, அவரே அச்சடித்துக் கொடுத்தால் அது வருகைச் சான்று மட்டும்தான். முறையான பயிற்சியில் மதிப்பீட்டாளர் வெளியிலிருந்து வருவார். எழுத்துத் தேர்வோடு, பொம்மை நோயாளியை வைத்துச் செய்துகாட்டவும் சொல்வார். அந்தச் சான்றிதழை கியூ.ஆர். குறியீட்டிலோ டிஜிலாக்கரிலோ யாரும் சரிபார்க்க முடியும்.

உங்கள் அனுபவத்தைப் பற்றி

‘வேலை கைவந்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. மலம், சிறுநீர் கண்டு முகம் சுளிக்காமல் இருப்பதும், இரவில் மூன்று முறை எழுந்திருப்பதும் பயிற்சி நிலையத்தில் கற்றுத்தர முடியாதவை. அவை உங்களிடம் இருக்கின்றன. ஆனால் உங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு நோயாளியின் உடம்பு.

மாமியாரின் தோள்வலியையே எடுத்துக்கொள்வோம். எந்தத் தோள் என்று நீங்கள் எழுதவில்லை. இடது தோளாக இருக்கும் என்றே நினைக்கிறேன். பக்கவாதம் வந்த பக்கத்தில் தோள்மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்துவிடும். கையின் முழு எடையும் மூட்டில் தொங்கும். அந்த நிலையில் கையைப் பிடித்தோ, அக்குளில் கைகொடுத்தோ தூக்கினால் மூட்டு மெல்ல இறங்கும், வலி நிலைத்துவிடும். தூக்கக் கூடாது, நகர்த்த வேண்டும். இடுப்பிலிருந்து தோள்வரை விரிப்பு ஒன்றை மடித்து முதுகுக்கு அடியில் போட்டு, இருபுறமும் இருவர் நின்று, விரிப்பின் ஓரத்தை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒரே எண்ணிக்கையில் நகர்த்துவது முறை. உட்கார வைக்கும்போது அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் வைத்து எழுப்ப வேண்டும். உட்கார்ந்ததும் இடது கைக்கு அடியில் ஒரு தலையணை கொடுங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடமும் சீக்கிரம் காட்டிவிடுங்கள்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரண்டு வருடம் அன்பாகச் செய்த வேலையிலும் சொல்லித்தர ஆளில்லாமல் இப்படி ஒரு பிழை ஒளிந்திருக்கும். மருத்துவமனையில் இதே பிழையைப் பத்து நோயாளிகளிடம் செய்வீர்கள். இன்னொன்று, மூச்சு எண்ணுவது. ‘மூச்சு எண்ணப் போகிறேன்’ என்று சொன்னாலே நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே, மார்பு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சைத் தவறவிட்டாலும் கணக்கில் நான்கு குறையும். நிலைமை மோசமாவதை முதலில் காட்டும் அறிகுறிகளில் ஒன்று மூச்சின் எண்ணிக்கை. அதில் நான்கு குறைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பயிற்சி நிலையத்தில் கேட்க வேண்டியவை

எங்கே சேர்ந்தாலும் இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

1. தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் அமைப்பு எது? அதன் பெயர் என்.சி.வி.இ.டி. இணையதளப் பட்டியலில் இருக்கிறதா? ‘நாங்களே தருகிறோம்’ என்றால் எழுந்து வந்துவிடலாம்.

2. மருத்துவமனைப் பயிற்சி எத்தனை மணி நேரம், எந்த மருத்துவமனையில், எந்த வார்டில்? ஒப்பந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் மேற்பார்வை செய்வாரா என்று கேளுங்கள். பல இடங்களில் ‘மருத்துவமனைப் பயிற்சி’ என்றால் வரவேற்பு மேசையில் டோக்கன் கொடுப்பதுதான்.

3. பயிற்சி அறையில் கட்டில், பொம்மை, ரத்த அழுத்தக் கருவி, கூரிய கழிவுகளைப் போடும் ஷார்ப்ஸ் பெட்டி இருக்கின்றனவா? ஆசிரியரிடம் சும்மா ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ரத்தம் பட்ட பஞ்சு எந்த நிறப் பையில் போகும், ஊசி எதில் போகும்?’ பஞ்சு மஞ்சளில், ஊசி துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் சொல்வது அது. தடுமாறினால் புரிந்துகொள்ளுங்கள்.

4. கட்டணம் எத்தனை தவணை, நடுவில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும்?

மற்ற இரண்டு யோசனைகள்

நர்சிங் ஹோமின் சம்பளமில்லா ஆறு மாதத்தை நான் ஆதரிக்கவில்லை. அங்கே கை பழகும் என்பது மெய்தான். ஆனால் கடைசியில் கிடைப்பது ஓர் அனுபவக் கடிதம். அதுவும் அவர்கள் மனது வைத்தால். அதைவிடப் பெரிய ஆபத்து, ஆள் குறைவான இரவில் ‘இந்த ஊசியை மட்டும் போட்டுவிடும்மா’ என்பார்கள். ஊசி, டிரிப்ஸ், மருந்து கொடுப்பது உதவியாளர் வேலை அல்ல. எத்தனை முறை பார்த்துப் பழகியிருந்தாலும், ஏதாவது ஆகிவிட்டால் ‘டாக்டர் சொன்னார்’ என்பது உங்களைக் காப்பாற்றாது. ‘எனக்கு அதற்குத் தகுதி இல்லை, சிஸ்டரைக் கூப்பிடுகிறேன்’ என்ற ஒரு வாக்கியத்தை இப்போதே சொல்லிப் பழகுங்கள். வெற்றுத் தாளிலோ, தேதியிடாத காசோலையிலோ கையெழுத்துக் கேட்டால் கொடுக்கக் கூடாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

கணவர் சொல்லும் ஆறு மாத லேப் படிப்பு இன்னும் பலவீனமானது. 2021இல் வந்த துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின்படி துணை மருத்துவத் தொழிலர் என்று சொல்லிக்கொள்ள, 2 முதல் 4 ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் படித்த டிப்ளமோவோ பட்டமோ வேண்டும். மருத்துவ ஆய்வகத் தொழில் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. ஆறு மாதத்தில் 2,000 மணி நேரம் என்றால் ஞாயிறும் விடாமல் தினமும் பதினோரு மணி நேரம் படித்தாக வேண்டும். படித்தாலும் ‘இரண்டாண்டு’ என்ற நிபந்தனை அப்படியே நிற்கும். முறையான டி.எம்.எல்.டி. எனப்படும் மருத்துவ ஆய்வக டிப்ளமோவுக்கு பிளஸ் டூவில் அறிவியல் கேட்பார்கள். உங்கள் பிரிவு ஒத்துவராது.

நீங்கள் யோசிக்காத ஒரு வழி

கடிதத்தில் நீங்கள் ஏ.என்.எம். பற்றிக் குறிப்பிடவே இல்லை. வணிகவியல் படித்ததால் கதவு அடைந்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். அடையவில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஏ.என்.எம்.முக்கு பிளஸ் டூவில் அறிவியல் கட்டாயமில்லை. கணக்குப்பதிவியல், வணிகவியல் பாடங்களும் ஏற்கப்படும். முடித்தால் கவுன்சிலில் பதிவு உண்டு. அரசின் கிராம சுகாதார செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்க அடிப்படைத் தகுதியும் அதுதான். உங்களிடம் ‘கவுன்சில் பதிவு’ என்று சொல்லி விற்கப்பட்டதே, அது உண்மையில் கிடைக்கும் மிகக் குறுகிய பாதை இது.

ஆனால் வயது வரம்பு 35. உங்களுக்கு இப்போது 33. அதாவது உங்கள் கையில் இருப்பது அடுத்த ஓரிரு சேர்க்கைகள் மட்டுமே. ஓராண்டு டிப்ளமோவை முடித்துவிட்டு, அது செல்லாது என்று தெரிந்தபின் ஏ.என்.எம். தேடிப் போயிருந்தால், பணத்தோடு இந்த வாய்ப்பும் போயிருக்கும். முழுநேரப் படிப்பு, இரண்டு வருடம், இடையில் சமுதாய சுகாதாரக் களப்பணி. மாமியாரை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு வீட்டில் விடை இருந்தால் இதையே தேர்ந்தெடுங்கள் என்பேன். இல்லை, இந்த ஆண்டே வருமானம் வேண்டும் என்றால் ஜி.டி.ஏ. போதும். பின்னால் ஏ.என்.எம். என்று தள்ளிப்போட மட்டும் முடியாது. பள்ளியின் பெயர் இந்திய நர்சிங் கவுன்சிலிலும் மாநில கவுன்சிலிலும் இருக்கிறதா என்று, நீங்கள் சேரும் ஆண்டுக்கான பட்டியலிலேயே பாருங்கள்.

வளைகுடா வாக்குறுதிக்கு இரண்டு வரி போதும். அங்கே உரிமம் தரும் அமைப்புகள் சான்றிதழை உங்கள் கையிலிருந்து வாங்கி நம்புவதில்லை. படித்த நிறுவனத்துக்கும் கவுன்சிலுக்கும் நேரடியாக எழுதிச் சரிபார்க்கின்றன. ஆளனுப்பும் முகவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயர் தேடலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான்.

பணமும் மதிப்பெண் சான்றிதழும்

வகுப்பு தொடங்காதது உங்களுக்குச் சாதகம். இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில், பட்டுவாடா அத்தாட்சியுடன் கடிதம் அனுப்புங்கள். கட்டிய தேதி, தொகை, ரசீது எண், கவுன்சில் பதிவு கிடைக்கும் என்று சொன்னது யார், எப்போது, அது கிடைக்காது என்று தெரிந்ததால் விலகுகிறேன் என்பது, 15 நாளில் பணமும் அசல் சான்றிதழும் வேண்டும் என்பது. இவ்வளவு போதும். வசை வேண்டாம். அவர்களின் துண்டுப்பிரசுரம், வாட்ஸ்ஆப் செய்திகள், குரல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள். ‘கவுன்சில் பதிவு’ என்று அவர்களே எழுதிய ஒரு வரி உங்களிடம் இருந்தால் வழக்கில் அதுதான் ஆணிவேர். கடிதம் போவதற்கு முன்பு ஏதோ காரணம் சொல்லி மதிப்பெண் சான்றிதழைத் திரும்ப வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. ஏ.என்.எம். விண்ணப்பத்துக்கு அது தேவைப்படும். கட்டணப் பாக்கியைக் காட்டி அசல் சான்றிதழைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. கொடுக்க மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

முழுத் தொகையும் திரும்பும் என்று உறுதி சொல்ல மாட்டேன். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பதில் தீர்ப்புகள் ஒரே திசையில் இல்லை. ஆனால் எந்த அங்கீகாரமும் இல்லாத பயிற்சி நிலையம், பொய் விளம்பரம் என்ற நிலையில் உங்கள் தரப்பு பலமானது. நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். இந்தத் தொகைக்கு வழக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் புகாரைப் பதியலாம். பெண் என்பதால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி உங்களுக்கு இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவைப்பார்கள். அங்கிருந்து கடிதம் போனதுமே பணத்தைக் கொடுத்துவிடும் நிறுவனங்கள் உண்டு.

எந்தப் பாதையில் போனாலும் காத்திருக்காமல் தொடங்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ரத்தத்தின் வழியே பரவும் கல்லீரல் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்கு எதிரான தடுப்பூசி. இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என மூன்று தவணை. வார்டில் கால் வைத்த பிறகு தொடங்கினால், பயிற்சிக் காலம் முழுவதும் அரைகுறைப் பாதுகாப்போடுதான் இருப்பீர்கள். ஊழியருக்கு இந்தத் தடுப்பூசியைப் போட வேண்டியது மருத்துவமனையின் கடமை என்று மருத்துவக் கழிவு விதிகளே சொல்கின்றன. பயிற்சி மாணவியருக்குப் போடுவதில்தான் தட்டிக்கழிப்பார்கள். அதற்குள் ஊசி ஏதாவது குத்திவிட்டால் விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு உடனே பொறுப்பு நர்ஸிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் அந்த மணி நேரங்களைத்தான் இழக்கிறார்கள்.